கண்டக்டர் கேட்காத கேள்வி

எனக்குத் தெரிந்த இந்தி முழுக்க முறுக்கு விற்றுக் கற்றுக்கொண்டது. எழுதத் தெரியாது, படிக்கத் தெரியாது. விலை சொல்வேன், பேரம் பேசுவேன், முந்தாநாள் பொரித்ததை இன்று காலையில் பொரித்தது என்று கண் இமைக்காமல் சத்தியம் செய்வேன், வம்புக்கு வருகிறவனை வாயாலேயே விரட்டிவிடுவேன். இந்த இந்தியை வைத்துக்கொண்டு ஒரு காதல் படத்துக்கு அர்த்தம் சொல்ல உட்கார்ந்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த தப்புகளில் பெரியது அதுதான்.

எங்கள் ஊர் மதுரைக்கு மேற்கே, உசிலம்பட்டி போகிற வழியில். அந்தப் பக்கத்தில் பத்தாவது தவறியவனுக்கு இரண்டு வழி. ஒன்று பட்டாளம், இன்னொன்று முறுக்குக் கம்பெனி. பட்டாளத்துக்கு எனக்கு நெஞ்சளவு பத்தவில்லை. கம்பெனி என்றதும் இரும்புக் கேட்டும் வாட்ச்மேனும் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். வடக்கே எங்கேயாவது ஓர் ஊரில் வாடகைக்குப் பிடித்த ஒற்றை அறை, இரண்டு அடுப்பு, முதலாளி என்று நம் ஊர்க்காரர் ஒருத்தர், நாங்கள் எட்டுப் பேர். விடியும் முன்னே மாவு பிசைந்து, பிழிந்து, பொரித்துவிடுவோம். வெயில் ஏறியதும் தகர டின்னைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு தெருத் தெருவாகக் கிளம்புவோம். வருடத்தில் ஒரு மாதம், சித்திரைத் திருவிழாவை ஒட்டி, ஊருக்கு வருவோம்.

அந்த ஒரு மாதம் தெருவில் எனக்கு இருந்த மரியாதையைச் சொல்லி முடியாது. யார் வீட்டு டிவியில் இந்திப் படம் ஓடினாலும் என்னைக் கூப்பிட ஆள் வந்துவிடும். "ஏப்பா, அந்தப் பய எதுக்கு இந்தக் குதி குதிக்கிறான்?" என்று ஒரு பெரியம்மா கேட்பார். நான் சொல்வேன். தெரிந்தால் தெரிந்ததைச் சொல்வேன், தெரியாவிட்டால் நல்லதாக ஒன்றைச் சொல்வேன். ஒருமுறை சாகக் கிடந்த தாய் மகனிடம் ஏதோ அழுதுகொண்டே சொன்னதை, கிழக்குக் காட்டுப் பத்திரம் இருக்கும் இடத்தைச் சொல்கிறாள் என்று சொல்லிவிட்டேன். படம் முடிகிற வரை பத்திரம் வரவே இல்லை. பெரியம்மா விடவில்லை. "வில்லன் எடுத்துட்டுப் போயிட்டான் பெரியம்மா, அது ரெண்டாம் பாகத்துல வரும்" என்று சமாளித்தேன்.

என் வித்தையைச் சந்தேகப்பட்டவள் ஒருத்திதான். என் தாய்மாமன் மகள். மாமா வீடு அலங்காநல்லூர் பக்கம். அவள் மதுரையில் ஹாஸ்டலில் தங்கிக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். திருவிழாவுக்கு வரும்போது கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்து நான் சொல்வதைக் கேட்பாள். "மச்சான், அந்த ஆளு அம்புட்டு நேரம் மூச்சு விடாமப் பேசுனான். நீங்க ஒத்த வரியில முடிச்சுட்டீங்க?" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். எனக்குக் கோபம் வர வேண்டும், வராது. அவள் என்னைக் கேலி செய்கிறாளே என்பதிலேயே எனக்கு ஒரு வருடத்துக்குப் போதுமான சந்தோஷம் இருந்தது. வடக்கே ஏதோ ஒரு தெருமுனையில் டின்னை இறக்கி வைத்துவிட்டு நிற்கும்போது அந்த "மச்சான்" காதில் கேட்கும். ஆசை என்றால் அப்படி ஓர் ஆசை. ஒரு நாளும் வாயைத் திறந்து சொன்னதில்லை.

சொல்ல வேண்டிய அவசியம் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் சனத்தில் தாய்மாமன் மகள் மீது அத்தை மகனுக்கு உரிமை உண்டு. வெளியில் மாப்பிள்ளை பார்த்தாலும், பேச்சை முடிப்பதற்கு முன்னால் பெண்ணின் அப்பா உரிமைக்காரன் வீட்டுக்கு வந்து, "ஒங்களுக்கு மனசு இருக்கா, வெளிய கொடுக்கலாமா?" என்று கேட்டாக வேண்டும். உரிமைக்காரன் வாயால் சரி என்று வந்த பிறகுதான் தட்டு மாற்றுவார்கள். பெண் மனதில் என்ன இருக்கிறது என்பதை வீட்டுக்குள் கேட்டுக்கொள்வார்கள். அவளாக வந்து உரிமைக்காரனிடம் பேசுவது கிடையாது.

அந்த வருடம் நான் ஊருக்கு வந்தபோது அவளுக்கு மாப்பிள்ளை வந்திருந்தது. அரசாங்கப் பள்ளியில் வாத்தியார். மாமா ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்குக் கேட்க வருகிறார் என்று அம்மா சொன்னாள். என்ன சொல்லப் போகிறாய் என்று அம்மா கேட்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள். நான் மீன் குழம்பு நன்றாக இருக்கிறது என்றேன்.

வியாழக்கிழமை மத்தியானம் அவளே வந்து நின்றாள். வெயிலில் முகம் சிவந்திருந்தது. கைப்பையிலிருந்து ஒரு டிவிடியை எடுத்தாள். "ஹாஸ்டல்ல எல்லாரும் இந்தப் படத்தையே பேசுறாங்க மச்சான். இந்திப் படம். நீங்க இருந்தாத்தான எனக்குப் புரியும்?" என்றாள். அட்டையைப் பார்த்தேன். அது நான் வடக்கே கம்பெனிப் பயல்களோடு தியேட்டரில் பார்த்த படம்தான். அதை அவளிடமும் சொன்னேன். அம்மா வாசல் நிழலில் புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்தாள், திரும்ப வேலையில் குனிந்துகொண்டாள்.

படம் இதுதான். மலைப்பிரதேசத்தில் ஓடும் பஸ்ஸில் ஒரு கண்டக்டர். தினமும் காலையில் ஒரு பெண் ஏறுகிறாள். அவளுடைய அண்ணனை ஒரு நாள் யாரோ கூட்டிக்கொண்டு போனார்கள், திரும்பி வரவில்லை. அந்த ஆத்திரத்தில் அவள் குண்டு வைக்கிறவர்களோடு சேர்ந்திருக்கிறாள். கண்டக்டருக்கு அது தெரியாது. அவனுக்குத் தெரிந்தது, அவள் ஜன்னலோரம் உட்கார்வாள், மீதிச் சில்லறையை எண்ண மாட்டாள், மழை பெய்தால் சிரிப்பாள், அவ்வளவுதான். இரண்டு பேரும் பாட்டில் மட்டும் நிறையச் சேர்ந்து ஆடுகிறார்கள்.

காதல் வசனங்கள் வரும்போது நான் திண்டாடினேன். என்னிடம் முறுக்கு வாங்கியவர்கள் யாரும் அந்த வார்த்தைகளைப் பேசியதில்லை. "உன்னை ரொம்பப் பிடிச்சிருக்குன்னு சொல்றான்" என்றேன். அடுத்த வசனத்துக்கு, "இன்னும் ரொம்பப் பிடிச்சிருக்குன்னு சொல்றான்" என்றேன். அவள் கீழுதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று தெரிந்தது.

பாதிப் படத்தில் சோதனைச் சாவடி வந்தது. துப்பாக்கிக்காரர்கள் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்குகிறார்கள். இங்கே எனக்கு ஒரு சொல் தடுக்கவில்லை. "எந்த ஊரு, பையில என்ன, யாரு அனுப்புனது, கையத் தூக்கு, என்னையப் பாத்துப் பேசு, பொய் சொன்னா இங்கயே புதைச்சுருவேன்" என்று அவர்கள் பேசப் பேச நானும் கூடவே சொல்லிக்கொண்டு போனேன். அவள் டிவியைப் பார்ப்பதை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"எப்படி மச்சான் இது மட்டும் இம்புட்டுத் தெளிவா வருது?"

"இந்த இடத்துல நிறுத்தி நிதானமாப் பேசுறாங்கல்ல" என்றேன். அவர்கள் நாய் குரைப்பதுபோலப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

நிஜம் வேறு. அதற்கு முந்தின வருடம் நாங்கள் இருந்த ஊர்ச் சந்தையில் குண்டு வெடித்தது. மறுநாள் நான் வழக்கம்போலச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். வேற்றூர்க்காரன், வேறு பாஷைக்காரன், கேரியரில் பெரிய தகர டின். பிடித்துக் குப்புறப் படுக்கப் போட்டார்கள். டின்னைத் திறந்து ஒவ்வொரு முறுக்காக எடுத்துக் கையால் நொறுக்கிப் பார்த்தார்கள். இரண்டு நாள் ஸ்டேஷனில் வைத்திருந்தார்கள். மேலே சொன்ன வசனம் முழுவதையும் நான் அங்கேதான் கற்றேன். முதலாளி யார் யாரையோ பிடித்து என்னை வெளியே கொண்டுவந்தார். ஊரில் ஒருவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் "போலீஸ் பிடிச்ச பய" என்று ஆகிவிடும். அதோடு எனக்கே என் மேல் ஓர் அருவருப்பு வந்துவிட்டது. அவர்கள் அந்தக் கேள்விகளைக் கேட்ட விதத்தில், நான் எதற்கும் லாயக்கில்லாதவன் என்று நானே நம்பத் தொடங்கியிருந்தேன். கல்லூரியில் படிக்கிற பெண்ணை இவன் கையில் எப்படிக் கொடுப்பது என்று மாமா கேட்பதற்கு முன்னால் நானே கேட்டுக்கொண்டேன்.

அவள் இன்னும் என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். டிவியைப் பார் என்றேன்.

கடைசிக் காட்சி தொடங்கியது. திருவிழா நாள், பஸ் நிறையக் கூட்டம், அவள் கையில் ஒரு பையோடு ஏறுகிறாள். கண்டக்டர் பையைப் பார்க்கிறான், அவள் முகத்தைப் பார்க்கிறான். அந்த இடத்தில் கரண்ட் போனது. மத்தியானத்தில் மூன்று மணி நேரம் கரண்ட் இல்லாமல் இருந்த காலம் அது. டிவி அணைந்ததும் வீட்டுக்குள் ஒரே புழுக்கம். வாசலில் அம்மா புளி தட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

"நீங்கதான் அங்கயே தியேட்டர்ல பாத்தேன்னீங்களே. மிச்சத்தச் சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன். "அவன் விசில் ஊதி பஸ்ஸ நிறுத்துறான். பிரேக் போயிருச்சுன்னு பொய் சொல்லி எல்லாரையும் இறக்கி விடுறான். டிரைவரும் இறங்கிடுறாரு. பஸ்ஸுல அவங்க ரெண்டு பேரு மட்டும்தான். அந்தப் பொண்ணு அவன்கிட்ட பேசுது. ரொம்ப நேரம் பேசுது."

"என்ன பேசுது?"

அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். தியேட்டரில் அந்தப் பேச்சு வந்தபோது சுற்றி இருந்தவர்கள் எல்லாம் அழுதார்கள். என் காதில் விழுந்ததில் டிக்கெட் என்ற ஒரு சொல் தவிர எனக்கு ஒன்றும் புரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆறு வருடமாகத் தெருவுக்கே அர்த்தம் சொன்னவனுக்கு அந்தச் சொல் வாயில் வரவில்லை. அவள் என் எதிரில், வியர்வையைத் துடைக்கக்கூட மறந்து, காத்துக்கொண்டிருந்தாள். பெரிய மனிதத்தனமாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. தியாகம் என்றால் எல்லோருக்கும் பிடிக்கும்.

"என்னைய மறந்துடு, நமக்கு ஒத்து வராது, நீ போ, எங்கிருந்தாலும் நல்லா இருன்னு சொல்லுது" என்றேன்.

அவள் அப்போதுதான் வியர்வையைத் துடைத்தாள். "அதுக்கு அவன் என்ன சொல்றான்?"

"ஒண்ணும் சொல்லல. ஒரு டிக்கெட்டக் கிழிச்சு அது கையில கொடுத்துட்டுப் பக்கத்துல உக்காந்துடுறான். அப்புறம் குண்டு வெடிச்சிருது."

"ஒண்ணுமே சொல்லலையா?"

"இல்ல புள்ள." அந்த இரண்டு பேர் பேச்சைப் பற்றி நான் சொன்னதில் அது ஒன்று நிஜம்.

"சரி மச்சான்" என்றாள். கரண்ட் வரும்வரை இருந்து பார்த்துவிட்டுப் போ என்றேன். வேண்டாம் என்று டிவிடியை எடுத்துப் பைக்குள் வைத்தாள். அடுப்படிக்குப் போய்ச் சொம்பில் தண்ணீர் மொண்டு முழுச் சொம்பையும் குடித்தாள். "வாரேன் அத்தை" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வெயிலில் இறங்கினாள். பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடப் போயிருக்கலாம். அதையும் செய்யவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாமா வெற்றிலை பாக்கு, வாழைப்பழத்தோடு வந்தார். என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தார். "பிள்ளையும் சரின்னுருச்சு மாப்ள. ஒன் வாயால ஒரு வார்த்தை வந்துருச்சுன்னா எனக்கு மனசு நிம்மதி" என்றார். பிள்ளையும் சரி என்றுவிட்டது. அதற்குப் பிறகு நான் என்ன சொல்வது? "நல்லா இருக்கட்டும் மாமா" என்றேன். அவர் போன பிறகு அம்மா என்னை விளாசித் தள்ளிவிட்டாள். "வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குள் போய் அழுதாள். கல்யாணத்தில் மாமா எனக்கு ஒரு வேட்டி துண்டு எடுத்துக் கொடுத்தார். அதை நான் இன்னும் கட்டவில்லை.

பிறகு ஐந்தாறு வருடம் வடக்கே ஓடியது. இப்போது திருப்பரங்குன்றத்தில் கோயிலுக்குப் போகிற வழியில் எனக்கு ஒரு சின்னப் பலகாரக் கடை இருக்கிறது. கல்யாணம் ஆகி, ஒரு பெண் குழந்தை. என் மனைவி நல்லவள். நான் இதை எழுதுவது அவளுக்குத் தெரியும். "எழுதித் தொலைங்க, அப்பவாச்சும் மத்தியானத்துல மோட்டுவளையப் பாக்குறத விடுவீங்க" என்றாள்.

போன வருடம் ஒரு மத்தியானம், கடையில் ஆள் இல்லாத நேரம், போனில் எதையோ தள்ளிக்கொண்டிருந்தபோது அந்தப் படம் வந்தது. தமிழில் பேச வைத்திருந்தார்கள். தொட்டேன். சோதனைச் சாவடி வந்தது. ஒரு வரி விடாமல் நான் சொன்னது சரியாகவே இருந்தது. பிறகு பஸ் காலியானது. அந்தப் பெண் பேசத் தொடங்கினாள்.

"தினமும் எனக்கு டிக்கெட் கொடுத்தாய். எங்கே இறங்க வேண்டும் என்று கேட்டாய். ஏன் போகிறாய் என்று ஒரு நாள்கூடக் கேட்கவில்லையே. கேட்டிருந்தால் நான் போயிருக்க மாட்டேன். இப்போதாவது கேள்."

கண்டக்டர் கேட்கவில்லை. டிக்கெட்டைக் கிழிக்கிறான். அந்த நேரம் தட்டை வாங்க வந்த ஓர் அம்மாவுக்கு நான் அதிரசத்தைக் கட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். அவர் திரும்பி வந்து திட்டியபோதுகூட எனக்குச் சுரணை வரவில்லை.

கடைக்கு வரும் ஒருவர் படங்களைப் பற்றி நிறையப் பேசுவார். அவரிடம் இந்தக் காட்சியைச் சொன்னேன். "ஒரு கேள்வி கேட்டா குண்டு நின்னுருமாண்ணே? தீவிரவாதத்துக்கு எம்புட்டோ காரணம் இருக்கு. இவங்க காதலப் போட்டு மெழுகிட்டாங்க" என்றார். அவர் சொல்வது சரிதான். ஊர் ஊராகத் தப்பாகப் போனதை ஒரு கண்டக்டரால் நிறுத்தியிருக்க முடியாது. குப்புறப் படுத்துக் கிடந்தவனுக்கு அது தெரியும். ஆனால் அந்தப் பெண் அவனிடம் நாட்டைத் திருத்தச் சொல்லவில்லை. வழியில் பார்த்தவர்கள் எல்லோரும் அவளிடம் கேள்வி கேட்டார்கள். பையில் என்ன, யார் அனுப்பினது என்று கேட்டார்கள். அவள் மனதில் என்ன என்று கேட்கக்கூடியவன் அவன் ஒருவன்தான் என்று நினைத்திருக்கிறாள். அவன் அவளை அத்தனை ஆசையோடு பார்த்துக்கொண்டு பேசாமலேயே இருந்துவிட்டான். எனக்கு அந்தக் கண்டக்டர் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சம் அல்ல.

இந்தத் தை மாதம் என் மகளுக்கு அழகர்கோவிலில் வைத்துக் காது குத்தினோம். கிடா வெட்டிச் சாப்பாடு. என் மாமா வீட்டுச் சனம் வேனில் வந்து இறங்கியது. அவளும் வந்தாள், வாத்தியாரோடும் இரண்டு மகன்களோடும். முன்நெற்றி முடியில் கொஞ்சம் நரை விழுந்திருந்தது. இத்தனை வருடத்தில் எத்தனையோ விசேஷங்களில் பார்த்திருக்கிறேன், வாங்க, சாப்பிட்டீங்களா என்பதோடு சரி. பந்தி முடிந்து கை கழுவும் குழாயடியில் நானும் அவளும் மட்டும் நின்றோம். மரத்திலிருந்து குரங்குகள் எச்சில் இலைக்காகக் காத்துக்கொண்டிருந்தன.

"மச்சான், அந்தப் படத்தத் தமிழ்ல போட்டிருக்காங்களே, பாத்தீங்களா?" என்றாள்.

எந்தப் படம் என்று நான் கேட்கவில்லை. "பாத்தேன்" என்றேன். பிறகு, இதற்கு மேலும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷனே இல்லை என்று தோன்றியது. "நான் அன்னைக்குச் சொன்னது அதுல இல்ல. எனக்கு அந்த இந்தி புரியல புள்ள. போலீஸ்காரன் பேசுனது மட்டும்தான் புரிஞ்சுச்சு" என்றேன். டின்னையும் நொறுக்கிய முறுக்கையும் அந்த இரண்டு நாளையும் அங்கேயே, குழாயைத் திறந்து போட்டபடியே, சொன்னேன். வெட்கமாகத்தான் இருந்தது.

அவள் குழாயை மூடினாள். "இத அன்னைக்குச் சொல்லியிருக்கலாமே" என்றாள்.

"அந்தப் பொண்ணு என்ன சொல்லுச்சுன்னு நீ நம்பி என்கிட்டக் கேட்ட. நான் ஒன்னைய ஏமாத்திட்டேன்."

"அந்தப் பொண்ணு என்ன சொல்லுச்சுன்னு தெரிஞ்சுக்கவா மச்சான் நான் அந்த வெயில்ல ரெண்டு பஸ் மாறி வந்தேன்?" என்றாள். குரல் உயரவில்லை. "ஹாஸ்டல்ல என் ரூம்ல வடக்கத்திப் பொண்ணு ஒருத்தி இருந்தா. படம் பாக்கும்போது வரி வரியா அர்த்தம் சொன்னா. அதக் கேட்டுட்டுத்தான் டிஸ்க்க வாங்கிட்டு வந்தேன். இப்பவாச்சும் கேளுன்னு அந்தப் பொண்ணு சொல்ற கடைசி வார்த்தைய நீங்க ஒங்க வாயால சொல்லுவீங்க, சொல்லும்போதாச்சும் ஒங்களுக்கு ஒறைக்கும்னு நெனைச்சேன்."

வேனுக்குப் பக்கத்திலிருந்து அவளுடைய இளைய மகன், "அம்மா, வாம்மா" என்று கத்தினான்.

அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "நீங்க போன்னு சொன்னீங்க மச்சான். நான் போயிட்டேன்."

சொல்லிவிட்டு வேனை நோக்கி நடந்தாள். ஏறுவதற்கு முன் என் மகளின் புதுத் தோட்டைத் தொட்டுப் பார்த்து ஒரு முத்தம் கொடுத்தாள். "வாரேன்" என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னாள். நானும் எல்லோரோடும் சேர்ந்து கையை ஆட்டினேன்.